சின்னக் காய்ச்சல்கள் எங்கே போயின?

காலையில் நோயாளிகள் பட்டியலைத் திறந்தால், சளி, தொண்டை வலி, காது அடைப்பு என்று இப்போதெல்லாம் ஒரு பெயர்கூட என் கண்ணில் படுவதில்லை. எல்லாமே பெரிய கதைகள். சுகர், பிரஷர், சிறுநீரகக் கோளாறு மூன்றும் சேர்ந்த ஒருவர். புற்றுநோய்க்கு வைத்தியம் முடிந்து வீடு திரும்பி, ராத்திரியில் தூக்கமில்லாமல் தவிக்கும் ஒருவர். பல மாதமாக வயிற்று வலி, எடுத்த ஸ்கேன் எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் கட்டோடு வரும் ஒருவர். அடுத்தவர், அதற்கடுத்தவர், எல்லாரும் இதே மாதிரி.

நான் பொது மருத்துவர். இந்த வேலைக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. இந்த மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொன்றும் நல்ல காரணத்தோடுதான் நடந்தது. முதலில் தடுப்பூசி நர்ஸிடம் போனது. பிறகு பிரஷர் பார்ப்பதும் சுகர் கண்காணிப்பும். பழைய மருந்துச் சீட்டைப் புதுப்பிப்பது பார்மசிஸ்டிடம் போனது. முதுகு வலியும் மூட்டு வலியும் நேராக பிசியோதெரபிஸ்டிடம். காய்ச்சல், இருமல் எல்லாம் போனிலேயே விசாரித்து அனுப்பப்படுகிறது. இவர்கள் யாராலும் முடிக்க முடியாதது என்னிடம் வருகிறது.

டாக்டருடைய நேரம் அருமையானது, அதைக் கடினமான கேஸ்களுக்கு வைத்துக்கொள்வோம் என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டோம். லேசான கேஸ் என்று நாம் தள்ளிவிட்ட அந்தச் சந்திப்புகளில்தான் டாக்டரும் நோயாளியும் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டார்கள். கடினமான நாள் வரும்போது கைகொடுத்தது அந்தப் பழக்கம்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் அல்லாதவர்கள் நோயாளிகளைப் பார்ப்பது தவறு என்று நான் நினைக்கவில்லை. அது இன்று நேற்று வந்ததும் இல்லை. 1965ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து, நோயாளிகளைத் தாமே பரிசோதித்து முடிவெடுக்க நர்ஸ்களுக்குப் பயிற்சி தரத் தொடங்கினார்கள். அதே வருடம் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்து திரும்பியவர்களை வைத்து, டாக்டருக்கு உதவியாக இருந்து வைத்தியம் பார்க்கும் புதிய வகைப் பணியாளர்களை உருவாக்கத் தொடங்கினார். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். டாக்டர்கள் ஸ்பெஷலிஸ்டாகிக் கொண்டிருந்தார்கள், பொது மருத்துவம் பார்க்க ஆள் போதவில்லை.

இந்த முறை வேலை செய்கிறதா என்று கனடாவின் ஒன்டாரியோவில் சோதித்துப் பார்த்தார்கள். பர்லிங்டன் ஆய்வு என்று பெயர். முடிவுகள் 1974ல் வெளியாயின. இரண்டு குடும்ப மருத்துவர்கள் நடத்திய கிளினிக் அது. அங்கு பதிவு செய்திருந்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியைப் பயிற்சி பெற்ற நர்ஸ்களிடம் ஒப்படைத்தார்கள். தங்களிடம் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேரை டாக்டரைக் கூப்பிடாமலேயே நர்ஸ்கள் பார்த்து முடித்தார்கள். நோயாளிகளின் உடல்நிலையில் எந்தக் குறையும் தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளைத் திரட்டி 2018ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட அறிக்கையும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. நர்ஸ்கள் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறார்கள், நோயாளிகள் கொஞ்சம் கூடுதல் திருப்தியோடு போகிறார்கள்.

பர்லிங்டன் ஆய்வைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லாரும் அந்த மூன்றில் இரண்டு பங்கைச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அங்கே நர்ஸிடம் கொடுத்தது குடும்பங்களை. வேலைத் துண்டுகளை இல்லை. ஒரு குடும்பத்தின் காய்ச்சலும் பிரஷரும் கவலையும் ஒரே நர்ஸிடம் போயின. நாம் இப்போது செய்வது அப்படியில்லை. ஒரே ஆளைப் பிரஷர், மருந்து, மூட்டு, மனசு என்று பிரித்து நான்கு பேரிடம் அனுப்புகிறோம். ஆய்வின் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு அது நடந்த விதத்தை விட்டுவிட்டோம்.

ஒரு பெண்மணி காது அடைத்துக்கொண்டது என்று வந்தார். உள்ளே விளக்கடித்துப் பார்த்தேன், அழுக்குதான். சுத்தம் செய்துவிட்டு, வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். “எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க டாக்டர்” என்றார். எழுந்தார், பையை எடுத்தார், கதவுப் பிடியில் கை வைத்தார். அப்படியே நின்றார். “ஒண்ணு கேக்கலாமா? குளிக்கும்போது மார்புல ஏதோ கட்டி மாதிரி தட்டுப்படுது. ஒண்ணும் இருக்காதுல்ல?”

அவர் காதுக்காக வரவில்லை. ஆனால் கட்டி என்று சொல்லி அப்பாயின்ட்மென்ட் வாங்க அவருக்குத் தைரியம் வரவில்லை. காது என்று சொல்வது சுலபம். பொது மருத்துவம் பார்க்கும் எவருக்கும் இந்தக் கதவருகே நிற்கும் கணம் தெரியும். இன்றைய ஏற்பாட்டில் காது அடைப்பு என்றால் முதலில் எண்ணெய்ச் சொட்டு மருந்து போடச் சொல்லி போனிலேயே அனுப்பிவிடுவோம். மருத்துவமாகப் பார்த்தால் அது சரியான ஆலோசனைதான். ஆனால் அதில் அந்தக் கதவும் இல்லை, அதன் பிடியும் இல்லை.

அதே மாதிரி, காய்ச்சலோடு குழந்தையைத் தூக்கி வந்த ஓர் அப்பா. குழந்தைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அப்பாவின் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை குத்தியிருந்தது. போன முறை பார்த்ததற்கு முகமும் ஒடுங்கியிருந்தது. தண்ணீர் அதிகம் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அவரை அதற்கு முன் பார்த்திராத ஒருவருக்கு, எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அவர் இயல்பாகவே ஒல்லியானவர் என்றுதான் தோன்றியிருக்கும்.

வேல்ஸ் நாட்டின் க்ளின்காரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற பொது மருத்துவர் இருந்தார். மருத்துவம் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்ற விதியை 1971ல் எழுதியவர் என்று அவரைப் பலருக்கும் தெரியும். என்னை அதைவிட அதிகம் கவர்ந்தது, அந்தக் கிராமத்தின் பெரியவர்கள் எல்லாருடைய ரத்த அழுத்தத்தையும் அவர் அளந்து வைத்த விதம். பெரும்பாலும் அதற்காகத் தனி முகாம் போடவில்லை. வேறு எதற்காவது கிளினிக்குக்கு வந்தவர்களை அப்படியே உட்கார வைத்து அளந்தார். இருமலுக்கு வந்தவருக்கு பிரஷர் பார்த்தார். சின்னக் கேஸ்கள் வராத கிளினிக்காக இருந்திருந்தால் அவரால் அதைச் செய்திருக்கவே முடியாது.

சரி, எண்ணிக்கைக்கு வருகிறேன். டாக்டர்கள் குறைந்துவிட்டார்கள் என்றும், இல்லை, கூடியிருக்கிறார்கள் என்றும் ஒரே நேரத்தில் செய்தி வருவதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2015க்கும் 2023க்கும் இடையில் தலைகளை எண்ணினால் பொது மருத்துவர்கள் கூடியிருந்தார்கள். முழுநேர வேலையாக மாற்றிக் கணக்கிட்டால் 29 ஆயிரத்துக்கு மேல் இருந்தது 27 ஆயிரம் அளவுக்கு இறங்கியிருந்தது. பதிவு செய்த நோயாளிகளோ 6 கோடியைத் தாண்டிவிட்டார்கள். அந்த இடைவெளியை நிரப்ப 2019 முதல் பார்மசிஸ்டுகள், பிசியோதெரபிஸ்டுகள், மருத்துவ உதவியாளர்கள் எனப் பல்லாயிரம் பேரை அரசுப் பணத்தில் பொது மருத்துவ நிலையங்களுக்குள் கொண்டுவந்தார்கள். மற்ற நாடுகளிலும் அளவுதான் வேறு, போக்கு ஒன்றுதான்.

தலைகள் கூடி வேலை நேரம் குறைந்தது என்றதும், உடனே ஒரு குற்றச்சாட்டு எழும். பெண் டாக்டர்கள் அதிகமாகிவிட்டார்கள், எல்லாரும் பகுதி நேரம் கேட்கிறார்கள் என்று. ஓஇசிடி என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட கூட்டமைப்பில் இப்போது சராசரியாக டாக்டர்களில் பாதிப் பேர் பெண்கள் என்பது உண்மை. ஆனால் இந்தக் குற்றச்சாட்டைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அமெரிக்காவில் 2017ல் நடந்த 2 கோடிக்கு மேற்பட்ட சந்திப்புகளை ஆராய்ந்ததில், பெண் பொது மருத்துவர்கள் ஒவ்வொரு நோயாளியோடும் ஏறக்குறைய 16 சதவீதம் கூடுதல் நேரம் செலவிட்டது தெரியவந்தது. எண்ணிக்கையில் குறைவாகப் பார்த்தார்கள், வருமானமும் குறைந்தது, ஆனால் நோயாளியோடு உட்கார்ந்த மொத்த நேரம் குறையவில்லை. பகுதி நேரம் என்பதே முதலில் சரியான பேச்சுதானா? இங்கிலாந்தில் முழுநேரம் என்றால் வாரத்துக்கு முப்பத்தேழரை மணி நேரம். காலையில் உள்ளே நுழைந்து, கடைசி நோயாளி போன பிறகும் ரிப்போர்ட்டும் கடிதமும் பார்த்துவிட்டு இரவில் கிளம்பும் டாக்டருக்கு மூன்று நாளிலேயே அந்த நேரம் கிட்டத்தட்ட முடிந்துவிடும். காகிதத்தில் அவர் பகுதி நேரம்.

நோயாளி முகத்தைப் பார்க்கும் ஒரு மணி நேரத்துக்கு கம்ப்யூட்டரிலும் மேசை வேலையிலும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் போகிறது என்று 2016ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இதில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, இது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் விதம். லேசான கேஸ்கள் மற்றவர்களுக்குப் போனதும் டாக்டரின் பட்டியல் முழுவதும் கனமாகிறது. முன்பெல்லாம் ஒரு கடினமான சந்திப்புக்குப் பிறகு தடுப்பூசிக்கு ஒரு குழந்தை வரும். மனசு கொஞ்சம் ஆறும். இப்போது அந்த இடைவெளி இல்லை. ஒவ்வொருவருக்கும் மூன்று நான்கு நோய்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் முடிக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் பதினேழரை லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்த 2012ஆம் வருட ஆய்வில், 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நாள்பட்ட நோய்கள் இருந்தன. ஏழ்மையான பகுதிகளில் அந்த நிலை 10, 15 வருடம் முன்னதாகவே வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட நாளை வாரத்தில் ஐந்து முறை தாங்க முடியாது. அதனால் டாக்டர் ஒரு நாளைக் குறைக்கிறார். ஒரு நாள் குறைந்ததும் அவருடைய நோயாளிகள் வேறொருவரிடம் போகிறார்கள். அந்த வேறொருவருக்கு இவர்களைத் தெரியாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டும், சந்தேகம் வந்தால் ஒரு டெஸ்ட் கூடுதலாக எழுத வேண்டும். வேலை பெருகுகிறது. பெருகியதும் இன்னும் கொஞ்சம் லேசான கேஸ்களை வேறு பக்கம் தள்ளுகிறோம். பட்டியல் இன்னும் கனமாகிறது.

புதிதாக வரும் இளம் டாக்டர்களை நினைத்தால் இன்னும் சங்கடமாக இருக்கிறது. நாங்கள் சாதாரணத் தொண்டை வலியை நூற்றுக்கணக்கில் பார்த்துப் பார்த்துத்தான், சாதாரணமில்லாத தொண்டை வலியை அடையாளம் காணக் கற்றோம். அவர்களுக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. கெர் வைட் என்ற அமெரிக்க மருத்துவர் 1961ல் ஒரு கணக்குச் சொன்னார். ஆயிரம் பெரியவர்களை எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது உடம்பு சரியில்லாமல் போகும், 250 பேர் டாக்டரிடம் போவார்கள், 9 பேர் ஆஸ்பத்திரியில் சேருவார்கள், ஒரே ஒருவர் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போவார். மருத்துவ மாணவர்கள் படிப்பது அந்த ஒருவரின் கட்டிலருகே. மீதி 249 பேரை அவர்கள் பார்த்துப் பழகுவது பொது மருத்துவத்தில்தான் என்று இருந்தது. இப்போது அங்கேயும் வடிகட்டித்தான் அனுப்புகிறோம்.

பற்றாக்குறைக்கு இன்னொரு விடை வெளிநாட்டு டாக்டர்கள். பிரிட்டனின் சுரங்கப் பள்ளத்தாக்குகளிலும் தொழில் நகரங்களின் ஏழ்மையான பகுதிகளிலும், உள்ளூர் டாக்டர்கள் போக விரும்பாத இடங்களில், இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவர்கள்தான் பல பத்தாண்டுகள் பொது மருத்துவத்தைத் தாங்கினார்கள். அவர்களில் பலர் ஒரே தெருவில் இருந்து, ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றார்கள். அவர்கள் விட்டுவந்த நாடுகளில் யார் பார்த்தார்கள் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. இப்படி வேறு நாடுகளிலிருந்து மருத்துவப் பணியாளர்களை எடுப்பது பற்றி 2010ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. அது தானாக முன்வந்து பின்பற்ற வேண்டிய நெறிமுறை, யாரையும் கட்டுப்படுத்தாது.

துண்டு துண்டாகப் பார்ப்பதால் என்ன ஆகும் என்பதற்கு, எனக்குத் தெரிந்த ஒரு பாட்டியின் மருந்துப் பையைச் சொல்ல வேண்டும். பிரஷர் கொஞ்சம் ஏறியிருந்தது என்று அவருடைய அம்லோடிபின் மாத்திரையை ஐந்திலிருந்து பத்து மில்லிகிராம் ஆக்கினார்கள். சரியான முடிவு. சில வாரத்தில் கணுக்கால் வீங்கியது. அந்த மாத்திரைக்கு இது தெரிந்த பக்கவிளைவு. ஆனால் வீக்கத்தைப் பார்த்தவர் வேறொருவர், அன்றைக்கு மட்டும் வந்த டாக்டர். அவர் நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார். பாட்டிக்கு அடிக்கடி சிறுநீர் வந்தது, கழிவறைக்குப் போவதற்குள் துணி நனைந்தது. அதை மூன்றாவது ஒருவரிடம் போனில் சொன்னார். சிறுநீர்ப்பையை அடக்கும் மாத்திரை வந்தது. அதில் வாய் வறண்டு, மலச்சிக்கலாகி, ராத்திரியில் லேசாகக் குழம்பிப் பேச ஆரம்பித்தார். பிள்ளைகள் அம்மாவுக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று பயந்து, ஞாபகசக்தி பரிசோதனைக்குக் கேட்டு வந்தார்கள்.

யாரும் பொறுப்பில்லாமல் நடக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் முன்னால் இருந்த துண்டுக்குச் சரியாகத்தான் செய்தார்கள்.

இதைக் கண்டுபிடித்தது நானில்லை, எங்கள் பார்மசிஸ்ட். பாட்டியை உட்காரவைத்து, பையைக் கொட்டச் சொல்லி, ஒவ்வொரு மாத்திரையாக இது எப்போது தொடங்கியது, எதற்காக என்று கேட்டு, தேதி வாரியாக ஒரு தாளில் எழுதினார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. தாளை என் மேசையில் வைத்து, “முதல் வரியைப் பாருங்க டாக்டர், மீதியெல்லாம் அதுக்கு வால்” என்றார். அம்லோடிபினைக் குறைத்து, பிரஷருக்கு வேறு மருந்து மாற்றி, மற்ற இரண்டையும் ஒவ்வொன்றாக நிறுத்தினோம். சில வாரத்தில் வீக்கம் வடிந்தது, பேச்சும் தெளிந்தது. முழுக் கதையையும் ஒருவர் கேட்டதுதான் இங்கே வைத்தியம். அதை டாக்டர்தான் செய்ய வேண்டும் என்று இல்லை. யாராவது ஒருவர் செய்தாக வேண்டும்.

முழுக் கதையும் தெரிந்த ஒருவர் இருப்பதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை நார்வே அளந்து காட்டியிருக்கிறது. அங்கே 2001 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப டாக்டர் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். 45 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். ஒரே டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களை, ஒரு வருடம் மட்டுமே இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். நீண்ட காலம் இருந்தவர்களிடம் நேரம் கெட்ட நேரத்தில் அவசர டாக்டரைத் தேடிப் போவது 30 சதவீதம் குறைவு. அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வது 28 சதவீதம் குறைவு. இறப்பு 25 சதவீதம் குறைவு. பழக்கம் மட்டும்தான் முழுக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இடம் மாறாமல் நிலையாக வாழ்பவர்கள் மற்றவர்களிலிருந்து வேறுபட்டவர்களாகவும் இருக்கலாம். ஆனாலும் வருடம் கூடக் கூடப் பலனும் படிப்படியாகக் கூடியது என்பதைத் தள்ளிவிட முடியவில்லை. இவ்வளவு தெரிந்த அந்த நாட்டிலேயே, டாக்டர்கள் வேலைப்பளு தாங்காமல் விலகியதால், சில வருடங்களாக இரண்டு லட்சம் பேருக்கு மேல் குடும்ப டாக்டர் இல்லாமல் இருந்தார்கள்.

காகிதத்தில் பெயரைப் போட்டுவிட்டால் மட்டும் பழக்கம் வந்துவிடாது. இங்கிலாந்தில் 2014ல் 75 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், அடுத்த வருடம் எல்லாருக்கும், இவர்தான் உங்கள் டாக்டர் என்று ஒரு பெயர் ஒதுக்கினார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தபோது, ஒரே டாக்டரைப் பார்ப்பது கூடவே இல்லை. ஏன் கூடும்? பெயர் பதிவேட்டில் இருந்தது. போன் எடுப்பவர், காலியாக இருந்த முதல் நேரத்தைத்தான் கொடுத்தார்.

எங்கள் கிளினிக்கில் நாங்கள் முதலில் கைவைத்தது அந்த இடத்தில்தான், முன் மேசையில். பொது மருத்துவத்தின் ஆள்பலம் பற்றிப் பேசும்போது வரவேற்பில் உட்கார்ந்திருப்பவரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நோயாளியை யாரிடம் அனுப்புவது என்று நாள் முழுவதும் முடிவெடுப்பவர் அவர்தான். “எப்ப வர முடியும்?” என்று கேட்பதற்கு முன்னால் “இதுக்கு முன்னாடி யாரைப் பார்த்தீங்க?” என்று கேட்கச் சொன்னோம். அப்புறம் எங்களைச் சிறு குழுக்களாகப் பிரித்தோம். இரண்டு டாக்டர், ஒரு நர்ஸ், பார்மசிஸ்டின் நேரத்தில் ஒரு பங்கு, இவர்களுக்கென்று ஒரு நோயாளிகள் பட்டியல். நான் வராத நாளில் என் நோயாளி, என்னோடு தினமும் பேசும் இன்னொரு டாக்டரிடம் போகிறார். பகுதி நேரம் வேலை செய்பவர்களுக்கு இது ரொம்பவே உதவியது. திங்கள், செவ்வாய் ஒருவர், வியாழன், வெள்ளி இன்னொருவர், புதன்கிழமை மதியம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பட்டியலைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டார்கள். இளைஞர்களுக்கு உடம்பு வலி, காய்ச்சல் என்று வந்தால் யாராவது சீக்கிரம் பார்த்தால் போதும், அவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். நாள்பட்ட நோய் உள்ளவர், மனசு சரியில்லாதவர், கடைசிக் காலத்தில் இருப்பவர், கைக்குழந்தை வைத்திருப்பவர், இவர்களுக்குத்தான் தெரிந்த முகம் முக்கியம் என்று வரிசைப்படுத்தினோம்.

இதில் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒருவர் விடுப்பில் போனால் குழு ஆட்டம் காண்கிறது. காத்திருக்கும் நேரம் சிலருக்குக் கூடியிருக்கிறது, அதற்காக முன் மேசையில் திட்டு வாங்குகிறார்கள்.

வரும் மாதத்திலிருந்து லேசான கேஸ்களில் ஒரு பகுதியை டாக்டர்களின் பட்டியலுக்குத் திரும்பக் கொண்டுவரப் போகிறோம். குழந்தைகளின் காய்ச்சல், காது, தோல் அரிப்பு, பிரஷர் பார்ப்பது. முக்கியமாகப் பயிற்சியில் இருக்கும் டாக்டருக்கு ஒவ்வொரு நாளும் சில இடங்கள் இதற்கென்றே ஒதுக்கப்படும். அந்த நேரத்தில் கனமான கேஸ்கள் சில எங்கே போகும் என்ற கணக்கு இன்னும் முழுதாக முடியவில்லை. மூத்த டாக்டர்கள் ஆளுக்கு இரண்டு நீண்ட சந்திப்புகள் கூடுதலாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

திட்டத்தைப் பேசியபோது மறுப்புச் சொன்னது எங்கள் நர்ஸ் மட்டும்தான். பிரஷர் நோயாளிகளைத் தருவதில் அவருக்குத் தயக்கமில்லை. ஆனால் எல்லாரையும் தர மாட்டேன் என்றார். சிலரை அவர் பல வருடமாகப் பார்த்து வருகிறார், அவர்கள் வீட்டில் யாருக்கு என்ன என்பது அவருக்குத்தான் தெரியும், அவர்களும் மனம்விட்டுப் பேசுவது அவரிடம்தான். அந்தப் பெயர்களைத் தனித் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர்கள் அவரிடமே இருக்கப் போகிறார்கள்.